தோமெகிச்சி விழுங்கிய ஆறு கண்ணிகள்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குச் சுகம் செரிப்பதில்லை. சுவிட்சைத் தட்டினால் சூடாகிற வீட்டைப் பூட்டிவிட்டு, சனி ஞாயிறானால் மலையில் கூடாரம் அடித்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் வேகிற சோற்றை மண்பானையில் வைத்துக் கருக்குகிறார்கள். கேட்டால் அதில்தான் ருசியாம். அரிசி மதுவான சாக்கேயை மட்டும் விட்டுவைப்பார்களா? குப்பியை வெந்நீரில் இறக்கி இளஞ்சூடாகக் குடிக்க வேண்டியதை ஐஸில் புதைத்து, ஒயின் கிளாசில் ஊற்றி, குடிக்கும் முன் மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மூடிய கண்ணைத் திறந்ததும், "முலாம்பழம்" என்கிறார்கள்.

"முலாம்பழம் வேணும்னா முலாம்பழம் வாங்கித் தின்ன வேண்டியதுதானே?" என்பார் தோமெகிச்சி.

அவர் ஜப்பானின் அகிதா நாட்டுப்புறத்துக் குராமோச்சி சாக்கே கூடத்துக்கு வந்தது பதினெட்டு வயதில். இப்போது எழுபத்தேழு. பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தார். படித்தார் என்று சொல்ல முடியாது. கொதிகலன் அவர் பொறுப்பு. அதன் முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், முள்ளை அவர் நம்புவதில்லை என்றாலும். குழாயில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் திருப்தி.

இந்தக் குளிர்காலம் கூடத்துக்குப் புதுத் தலைமை வந்திருந்தாள். சிகுசா, முப்பத்துமூன்று வயது, நொதித்தலைப் பற்றித் தோக்கியோவில் படித்தவள். சாக்கே காய்ச்சும் குழுவின் தலைமைக்குத் தோஜி என்று பெயர். தோமெகிச்சி அவளைத் 'தோஜியம்மா' என்று கூப்பிட்டார். அதில் பாதி மரியாதை, மீதி கேலி. எது எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை.

வந்த முதல் வாரத்திலேயே அவள் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னாள்: "இந்த வருஷம் நம்ம உசந்த சரக்குக்கு அரிசியில நூத்துக்கு அறுபதைத் தீட்டித் தள்ளப் போறோம். நாப்பதுதான் மிச்சம். அதுக்கு உறைக்கூழ் பழைய முறையில. புட்டி ஆசிட் கிடையாது. புளிப்பு தானா வரணும். மேல மெல்லிசா வாசம், அடியில எலும்பு மாதிரி புளிப்பு. அப்படி ஒரு சாக்கே நெனச்சுப் பாருங்க!"

அவள் கண் பளபளத்தது. தோமெகிச்சி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சாக்கேயை நொதிக்கவைக்கும் உறைக்கூழுக்குப் பழைய முறை என்றால் என்னவென்று அவர் கைக்கு நினைவிருந்தது. ஆவியில் வேகவைத்த அரிசி, கோஜிப் பூஞ்சை பூத்த அரிசி, தண்ணீர், மூன்றையும் அகலமான மரத்தொட்டிகளில் போட்டு, விடியலில், விரல் மரத்துப்போகிற குளிரில், நீளத் துடுப்பால் இடி இடி என்று இடிக்க வேண்டும். கூழாகும்வரை. அப்புறம் ஒரு மாதம் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்க்க வேண்டும். அவர் மூன்று குளிர்காலம் இடித்தார். நாலாவது வருஷம் பழைய முதலாளி புளிப்புக்கென்றே விற்கிற ஆசிட் கேன் வாங்கிவந்தார். ஒரு கரண்டி ஊற்றினால் போதும், இடியும் இல்லை, மாசக்கணக்கும் இல்லை. அன்று தோமெகிச்சி தன் துடுப்பை அடுப்பில் வைத்து எரித்தார். யாரும் சொல்லாமலே.

"தப்பிச்சு வந்த கெணத்துல மறுபடி குதிக்கச் சொல்றா" என்று சோறு வேகவைக்கும் ஃபுசாயேயிடம் புலம்பினார்.

ஃபுசாயேக்கு அறுபத்திரண்டு வயது. அவர் புலம்பலைக் கேட்டுக் கேட்டே காது கெட்டுவிட்டதாகச் சொல்லித் திரிகிறவள். "நீ எங்க குதிக்கப் போற? நீ பாயிலர்கிட்ட குளிர் காயப் போற. சும்மா கெட பெருசு."

அதுவும் உண்மைதான். இடிக்கப் போவது சின்னவர்கள் ஐந்து பேர், அதில் இருவர் பெண்கள். ஆனால் நவம்பரில் ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டறையில் சிகுசா அவர் முன்னால் போனை வைத்தாள்.

"தாத்தா, இடிக்கறப்போ பாடுவீங்களாமே. அந்தப் பாட்டைப் பாடுங்க. பதிவு பண்ணிக்கறேன்."

"எதுக்கு? நாங்க தூங்கி விழாம இருக்கறதுக்குப் பாடினோம். இப்ப என்ன, பாட்டுக் கச்சேரியா?"

"பாடுங்க தாத்தா."

ஃபுசாயே மேஜைக்கு அந்தப் பக்கம் ஊறுகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோமெகிச்சி தொண்டையைக் கனைத்துப் பாடினார். நாலு கண்ணி. மலையில் பனி, கிணற்றில் தண்ணீர், வயலில் கதிர், கூடத்தில் தெய்வம். சிகுசா கைதட்டி, தலைகுனிந்து நன்றி சொன்னாள். வந்து வீடியோ எடுக்கிற ஊர்சுற்றிகளுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் கொதிகலனுக்குப் போய்விட்டார். ஜனவரியில் அவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று பாடிப் பாடி இடித்த விடியலில்கூட அவர் எட்டிப்பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

இடித்துச் சில நாளான பிறகு, ஒரு புதன்கிழமை, முதலாளி குராமோச்சி உறைக்கூழ் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் சரியில்லை. முற்றத்துப் பனியில் நின்றபடியே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பேசினார்.

"சிகுசா, புளிப்பே ஏறலை. நேத்தும் அதே நம்பர், முந்தாநாளும் அதே நம்பர். இப்படியே கெடந்தா கண்ட கிருமியும் உள்ள பூந்துரும். இந்த அரிசி இவ்வளவுதான் இருக்கு, மறுபடி தீட்ட வழியில்லை. சனிக்கிழமை காலையில வருவேன். ஏறியிருந்தா சரி. இல்லேன்னா நானே ஆசிட்டை ஊத்திருவேன்."

"ஊத்தினா அப்புறம் அது பழைய முறை இல்லீங்க. ஊர் பூரா சொல்லி வச்சிருக்கோம்."

"சாக்கேயாவது மிஞ்சும். அடுத்த குளிர்காலம் யாரு தோஜின்னு நான் யோசிக்க வேண்டி வரும்மா. தப்பா நெனச்சுக்காதே."

சிகுசா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

தோமெகிச்சிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் அப்போதே சொன்னேன் என்று சொல்ல நல்ல வாய்ப்பு. ஆனால் அந்தப் பெண் கையுறையை மூன்றாவது தடவை கழற்றியபோது அவருக்கு என்னவோ போல இருந்தது. 'எனக்கென்ன' என்று சொல்லிக்கொண்டே கால் உறைக்கூழ் அறைப் பக்கம் போனது.

வியாழன் காலை அவள் அங்கே தனியாக ஒரு பழைய நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் தாத்தா காலத்து நோட்டு.

"தாத்தா, வாங்க. இதப் பாருங்க, அரிசி இன்னும் முழுசா தெரியுது." கரண்டியில் அள்ளிக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாக மணி மணியாக இருந்தது. "இடிபடலை. இடிபடாம இனிப்பு வராது, இனிப்பு இல்லாம புளிப்பு வராது. ஆனா நான் நோட்டுல இருக்கறபடிதான் செஞ்சேன்!"

"நோட்டுல என்ன எழுதியிருக்கு?"

"'முதல் இடி, பாட்டு முழுதாக மூன்று முறை.' மணிக்கணக்கே இல்லை. அந்தக் காலத்துல அவங்க பாட்டாலதான் நேரம் அளந்திருக்காங்க. அதுக்குத்தானே உங்ககிட்ட பாட்டு கேட்டேன்! மூணு தடவை பாடினோம், பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. துடுப்பைக் கீழ வச்சிட்டோம்."

தோமெகிச்சியின் காதுமடல் சுட்டது. சுவரில் இவ்வளவு பெரிய கடிகாரம் தொங்கும்போது ஒருத்தி பாட்டைக் கடிகாரமாக வைப்பாள் என்று யார் கண்டது!

பாட்டுக்கு நாலு கண்ணி இல்லை. பத்து. மிச்சம் ஆறையும் அவர் அன்று சாப்பாட்டறையில் விழுங்கிவிட்டார். அந்த ஆறும் பெண்பிள்ளைகள் முன்னால் பாடக்கூடிய கண்ணிகள் இல்லை. விடியற்காலையில், குளிரில், பெண்வாசமே இல்லாத கூடத்தில், இருபது ஆம்பிளைகள் சூட்டுக்காகப் பாடியவை.

"இன்னும் கொஞ்சம் இடிங்க" என்றார் கூரையைப் பார்த்தபடி.

"எவ்வளவு?"

"கொஞ்சம் அதிகமாத்தான்."

"அப்படியெல்லாம் முடியாது தாத்தா. நோட்டுல அடுத்த வரியே இதுதான்: 'கூடுதலாக இடித்தால் பசையாகும், பசையானால் போச்சு.' எனக்குச் சரியான நேரம் வேணும். எதை வச்சுச் சொல்றீங்க?"

அப்போதுதான் ஃபுசாயே கூழைச் சூடேற்றும் சின்ன வெந்நீர் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தோமெகிச்சியின் முகத்தைப் பார்த்ததும் பீப்பாயை இறக்கிவிட்டுக் கிட்டே வந்து முகர்ந்தாள். குளிர்காலத்தில் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் நத்தோ தின்னக் கூடாது. அந்த நொதித்த சோயாவின் கிருமி ஒட்டிக்கொண்டு வந்தால் கோஜியெல்லாம் வழுவழுத்துப் போகும்.

"என்ன திருட்டு முழி? காலையில நத்தோ தின்னியா?"

"சீ போ! எவன் தின்னான்?"

"அப்ப வேற என்ன தின்ன?"

அவர் ஒரு நிமிஷம் கொதிகலன் பக்கம் பார்த்தார். ஓடிப் போய்விடலாம். ஓடிப்போனால் சனிக்கிழமை முதலாளி கேனோடு வருவார். அந்தக் கேனை அவருக்குப் பிடிக்கும். ஆனால் தப்பு தன்னுடையது என்று தெரிந்துகொண்டு அதை ஊற்றவிடுவது வேறு.

"பாட்டு அது இல்ல" என்றார்.

"என்ன?"

"பாட்டு பத்துக் கண்ணி. நான் நாலுதான் குடுத்தேன்."

சிகுசா எழுந்து நின்றாள். "ஆறைக் காணோமா? ஏன் தாத்தா?"

"அது… ஒரு மாதிரி."

"எந்த மாதிரி?"

"ஒரு மாதிரின்னா ஒரு மாதிரி! உங்க அப்பன்கிட்ட போய்க் கேளு!"

ஃபுசாயேக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கி மறுபடி சிரித்தாள். "ஐயோ! இந்த மனுஷன் எனக்கு வெக்கப்பட்டு அரிசியக் கொன்னுட்டானே! யோவ், எனக்குப் பேரனே மீசை வைக்கிறான்யா!"

சிகுசா சிரிக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் ஏறுவதைத் தோமெகிச்சி பார்த்தார்.

"தாத்தா! அப்படின்னா எதுவும் கெட்டுப்போகலை! பாதி வேலைதான் நடந்திருக்கு! நாலு கண்ணியை மூணு தடவை இடிச்சாச்சு. பாக்கி இந்த ஆறு. அதையும் மூணு தடவை இடிச்சா நோட்டுக்கணக்கு சரியாயிடும்."

"அந்த ஆறை மட்டுமா?"

"அந்த ஆறை மட்டும்."

"மூணு தடவையா?"

"மூணு தடவை. ஃபுசாயே அக்கா, எல்லாரையும் கூப்பிடுங்க! தொட்டியைக் கழுவுங்க!"

பத்தே நிமிஷத்தில் அறை சந்தையானது. பெரிய பாத்திரத்திலிருந்து கூழை வாளி வாளியாக மொண்டு மறுபடி மரத்தொட்டிகளில் ஊற்றினார்கள். ஆளுக்கொரு துடுப்பு. வெளியே பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருந்தது. உள்ளே எல்லார் வாயிலிருந்தும் ஆவி பறந்தது. தோமெகிச்சியை நடுவில் ஒரு பெட்டியின்மேல் நிற்கவைத்தார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"இப்படி நின்னாத்தான் பாடுவேன்."

"எப்படி வேணா நில்லு, ஒளறாம பாடு" என்றாள் ஃபுசாயே.

அவர் ஆரம்பித்தார். முதலில் குரல் கரகரத்தது.

*துறைமுகத்து விதவை வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையாம்*
*மழைக்கு ஒதுங்கின சாமியார் மழை விட்டும் வெளிய வரலையாம்!*

ஒரு நொடி எல்லாத் துடுப்பும் நின்றது. பிறகு அறையே வெடித்தது. சிரிப்பில் ஒருத்தன் துடுப்பை நழுவவிட்டான்.

"நிறுத்தாதீங்க! இடிங்க!" சிகுசா கத்தினாள். அவளும் துடுப்பைப் பிடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, சிரிப்பா குளிரா தெரியவில்லை. "அடுத்தது தாத்தா!"

அடுத்தது பாலத்துக் காவல்காரனைப் பற்றியது. அதற்கடுத்தது நெசவுக்காரியின் முழங்காலைப் பற்றியது. நாலாவதில் தோமெகிச்சி சுவரிலிருந்து திரும்பிவிட்டார். எப்போது திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. காலால் பெட்டியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அடி விழுகிற இடமும் சொல் விழுகிற இடமும் ஒன்றாகச் சேர்ந்ததும் தொட்டியின் சத்தமே மாறியது. சளக் சளக் என்றிருந்தது தொப் தொப் என்றானது.

இரண்டாவது சுற்றில் ஆறு கண்ணியையும் அத்தனை பேரும் பாடினார்கள். ஆறாவது முடிகிற இடத்தில் ஃபுசாயே திடீரென்று தனியாகக் குரலை ஏற்றினாள்.

*சாமியாரைச் சொன்ன சாக்கேக்காரன் சங்கதி எனக்குத் தெரியுமே*
*நாலு மாசம் கூடத்துல, வீட்டுக்கு வந்தா குறட்டைதான் கேக்குமே!*

பெண்கள் இருவரும் ஊளையிட்டார்கள். தோமெகிச்சி பெட்டியிலிருந்து குதிக்காத குறை.

"அது பாட்டுல இல்ல! அப்படி ஒரு கண்ணியே இல்ல!"

"எங்கம்மா சொல்லிக்குடுத்தது. வெளிய கெணத்தடியில சாக்கே வடிக்கற பை துவைக்கறவங்க பாடுவாங்க. உங்க காதுல விழுந்திருக்காது."

"பொய்! தோஜியம்மா, அதை எண்ணாதே! எண்ணினா கூட இடிபட்டுப் போயிரும். பசையாயிரும்!"

"எண்ணலை எண்ணலை! நோட்டு எழுதினவர் காதுலயும் விழுந்திருக்காது. மூணாவது சுற்று, போங்க!"

கடைசிக் கண்ணியின் கடைசிச் சொல்லோடு எல்லாத் துடுப்பும் ஒரே நேரத்தில் நின்றன. சிகுசா கரண்டியில் அள்ளினாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். கூழ் வழவழவென்று, மணி தெரியாமல், மெதுவாக வழிந்தது. பசையாகவும் இல்லை. அவள் கரண்டியை அப்படியே தோமெகிச்சியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ம்" என்றார். "கூழ் மாதிரிதான் இருக்கு."

அதன் பிறகு ஒன்றரை நாள் கூடத்தில் யாரும் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை. கூழைப் பாத்திரத்துக்கு மாற்றி, அதில் வெந்நீர் பீப்பாயை இறக்கித் திருப்பித் திருப்பிச் சூடேற்றினார்கள். வெள்ளி காலை சிகுசாவின் கருவியில் இனிப்பு ஏறியிருந்தது. மத்தியானம் புளிப்பு முள் அசைந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் அது மாதிரி இல்லை, அசைந்தேவிட்டது என்றார்கள். தோமெகிச்சி பீப்பாய்க்கு வெந்நீர் கொண்டுபோகும் சாக்கில் ஏழு தடவை போனார். அந்தக் கருவியை நம்பாமல் ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் சிகுசா கரண்டியைக் கொடுத்து விரலைத் தட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை முதலாளி வந்தார். கையில் ஆசிட் கேன். அறையில் எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். தோமெகிச்சிக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் கதவில் சாய்ந்து நின்றார்.

சிகுசா அடியில் நீல வளையம் போட்ட வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். கருவியின் நம்பரைச் சொல்லவில்லை. முதலாளி கேனை வலது கையில் பிடித்தபடியே இடது கையால் வாங்கி வாயில் விட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு இடது கண் சுருங்கியது. அப்புறம் வலது கண். கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு குவிந்து, அந்தப் பெரிய முகம் உப்புப் பிளம் ஊறுகாய் மாதிரி மொத்தமாகச் சுருங்கியது.

"புளிக்குது!" என்று அலறினார். "அம்மாடி, என்னா புளிப்பு! பின்னாடியே இனிக்குது! இன்னும் குடு!"

அறையில் எழுந்த கூச்சல் கூரையைப் பிய்த்தது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். ஃபுசாயே முதலாளியின் கையிலிருந்து கேனைப் பிடுங்கி மூலையில் வைத்து, மேலே தன் தலைத்துணியைப் போட்டு மூடினாள். சிகுசா முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டு இரண்டு தடவை மூச்சுவிட்டாள். பிறகு நோட்டை எடுத்தாள். 'பாட்டு முழுதாக' என்கிற வரிக்கு எதிரே வெற்றுப் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"தாத்தா, ஒண்ணொண்ணா சொல்லுங்க. பத்தையும் எழுதிடறேன். அடுத்த வருஷம் யாரும் விழுங்கக் கூடாது."

"பதினொண்ணு" என்றாள் ஃபுசாயே.

"பத்து!" என்றார் தோமெகிச்சி.

"எழுதுங்க, எழுதுங்க" என்றார் முதலாளி, வாயைச் சப்புக்கொட்டியபடி. "பாட்டு காப்பாத்திருச்சுய்யா! யாராவது நம்புவானா?"

"நான் நம்பலை" என்றார் தோமெகிச்சி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"பாட்டாவது கூத்தாவது. பதினெட்டு நிமிஷம் இடிக்க வேண்டியிருந்துது, இடிச்சீங்க. சுவத்துல கடிகாரம் இருக்கு, அதப் பாத்து இடிச்சிருந்தாலும் கூழாகியிருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் காத்து வேற திரும்புச்சு, குளிர் ஒடைஞ்சுது. அதுல புளிச்சிருக்கும். புளிக்கறது எல்லாம் சாக்கே ஆயிராது. இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. அதுக்குள்ள நூறு கெடுதல் வரும்."

"அப்ப அந்தக் கேனையே ஊத்தியிருக்கலாமா தாத்தா?" சிகுசா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஊத்தியிருந்தா வியாழக்கிழமை எனக்குத் தொண்டை கட்டியிருக்காது."

"வடிச்சதும் மொத கிண்ணம் உங்களுக்குத்தான். ஐஸ்ல வச்சு, ஒயின் கிளாசுல."

"சூடா குடு. இல்லேன்னா வேண்டாம்."

அவர் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். பின்னால் அறைக்குள் ஃபுசாயேயின் குரல் பதினொன்றாவது கண்ணியை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு சொல்லாக, வேண்டுமென்றே உரக்க. தோமெகிச்சி திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி ஒரு கண்ணி கிடையாது, இருந்திருந்தால் தனக்குத் தெரிந்திருக்கும் என்று பனியிடம் சொல்லியபடி கொதிகலனுக்கு நடந்தார். போனதும் முதல் வேலையாகக் குழாயில் கை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த முள்ளை நம்ப முடியாது.